ஒரு தடவை மட்டும் சொன்னவர்

அந்த அம்மையார் ஒரு குறையும் சொல்லாதவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். முதலில் கல்லூரி முதல்வர் பேசினார், பிறகு தாளாளர், அதன்பின் தாளாளர் சொன்னதையே சற்று நீட்டி இன்னும் இருவர். மேடையில் அவருடைய படம், மாலை, பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையின்மேல் அவர் வடிவமைத்த ரோபோச் சக்கரக்கூடு ஒன்று. "பதினாலு வருசம். ஒரு நாள்கூட ஒரு குறைன்னு வாய் திறந்து சொன்னதில்லை" என்று தாளாளர் கைக்குட்டையை எடுத்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அது பொய். அவர் எல்லாக் குறைகளையும் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை சொன்னார். அதை அந்த மண்டபத்தில் முழுமையாக அறிந்தவன் நான். எழுந்து சொல்லவில்லை.

அவர் மாரடைப்பில் இறந்தார். அதற்குப் பன்னிரண்டு நாட்கள் முன்பு, தம் உடம்பைப் பற்றியும் ஒரு தடவை சொல்லியிருந்தார். என்னிடம்தான் சொன்னார். அன்று நான் செவிகொடுத்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா என்பதை எந்த மருத்துவரும் எனக்கு உறுதியாகச் சொல்லப் போவதில்லை. நான் அதைக் கேட்டு யாரிடமும் போகவும் இல்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் இயந்திரவியல் துறைத் தலைவராக இருந்தேன். அவர் எங்கள் பட்டறைக்கூடத்தின் பயிற்றுநர். டிப்ளமோ படித்தவர். மாணவர்களுக்கு 'மேடம்', எனக்கு 'அம்மணி'. குள்ளமான உருவம். புடவைக்குமேல் நீலக் கோட்டு, கோட்டுப் பையில் ஓர் எஃகு ஸ்கேல். பள்ளிபாளையத்திலிருந்து கல்லூரிப் பேருந்தில் வருவார். அவருடைய கணவர் ரிக் லாரி ஓட்டுநர். போர்வெல் போட வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்புவார்.

ஒரு வேலையில் பிழை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால், கையில் இருப்பதைக் கீழே வைப்பார். துணியில் விரல்களைத் துடைத்துக்கொள்வார். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் முகத்தைப் பார்த்து, ஒரு சிறிய வாக்கியத்தில் சொல்வார். பிறகு சற்று நேரம் நிற்பார். எதிராளி வேறு பேச்சுக்குப் போய்விட்டால், "செரிங்க" என்பார். அவ்வளவுதான். அந்த விஷயம் அவர் வாயிலிருந்து மறுபடி வராது. தவறென்று தாம் சொன்ன வேலையையும் எங்கள் விருப்பப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல், செய்து முடிப்பார். பணிவு என்று எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

எங்கள் மாணவர்கள் ரோபோப் போட்டிக்குப் போக ஆரம்பித்தபோது, ஸ்வெர்வ் டிரைவ் செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். காரில் முன்சக்கரங்கள் மட்டும் திரும்பும். திரும்பிய பக்கம் வண்டியின் முகமும் திரும்பும். ஸ்வெர்வில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே திரும்பும், தனித்தனியே உருளும். முகத்தைத் திருப்பாமலே ரோபோ பக்கவாட்டில் நகரும், மூலைவாட்டில் பாயும், ஓடிக்கொண்டே சுழலும். இதற்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு மோட்டார்கள் வேண்டும்: உருட்ட ஒன்று, திருப்ப ஒன்று. இவற்றோடு பல்சக்கரங்கள், பேரிங்குகள், சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார். இவ்வளவையும் ஒரு கூட்டுக்குள் அடக்கி, ரோபோவின் நான்கு மூலைகளிலும் பொருத்த வேண்டும். வெளிநாட்டில் விற்கும் கூடுகளில் மோட்டார்கள் மேலே நட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் ரோபோவோ போட்டிக்களத்தில் ஒரு தாழ்வான கம்பியின் அடியில் நுழைந்து போக வேண்டும். அந்த உயரத்தைக் குறைக்க வழி தெரியாமல் மாணவர்களும் நானும் ஒரு மாதம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மணி அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "மோட்டாரைக் கீழ பாத்துத் தொங்க உட்டா என்னுங்க?" என்றார்.

"தரையில இடிக்கும் மேடம்" என்றான் ஒரு மாணவன்.

"சக்கரம் எத்தனை உசரம் கண்ணு?"

"நாலு இஞ்ச்."

"மோட்டாரு?"

"ரெண்டரை."

"அப்பறம் எங்கிருந்து இடிக்கும்? சக்கரம் திரும்பற வட்டத்துக்கு வெளிய, பக்கத்துல, சும்மாதானே கெடக்குது அந்த எடம். வாடகைக்கு உட்டுரலாம்."

மாணவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதிர்வியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அது தோன்றாமல் போனதே என்ற சிறு எரிச்சல் இருந்தது. நான்கு மாத உழைப்புக்குப் பிறகு, ஒரு சாணுக்குமேல் நின்ற கூடு அரைச் சாணுக்குச் சற்று மேலாகத் தாழ்ந்தது. பல்சக்கரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். சென்சாரை அச்சின் நுனியிலிருந்து பக்கத்துக்கு நகர்த்தினார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சில் கணக்கு இருந்தது.

கூட்டின் மேல்தகடுகளை ரிக் உதிரிகள் செய்யும் ஒரு பட்டறையில் வெட்டக் கொடுத்தோம். படத்தில் ஐந்து மில்லிமீட்டர் கனம் போட்டிருந்தார். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்து மனம் நொந்துபோனார்.

"சார், அஞ்செல்லாம் தாங்காதுங்க. எங்க ரிக்குல இருவதுக்குக் கொறஞ்சு பிளேட்டே கெடையாது. நம்ம புள்ளைங்க வெளியூர் போய்ப் போட்டி போடுது, ஒடஞ்சு போனா எனக்குத்தான கேவலம்? எட்டாப் போட்டுத் தாரேன். சேத்திப் போட்ட கனத்துக்குக் காசு வேண்டாம்."

அன்பினால் சொன்னார். எங்கள் பக்கத்தில் பாறையைத் துளைத்துப் பிழைக்கிறவர்கள் எதையும் கனமாகச் செய்தால்தான் நிம்மதியாக உறங்குவார்கள். எனக்கும் அந்தக் கனம் பிடித்திருந்தது. அம்மணி விரல்களைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு போதும்ங்க சார், கணக்குப் பாத்துட்டேன்" என்று நோட்டை நீட்டினார். நான் நோட்டை வாங்கவில்லை. "எட்டே இருக்கட்டும்" என்றேன்.

"செரிங்க சார்."

அந்த எட்டு மில்லிமீட்டர் தகடுகளின் ஓரங்களைத் தாமே அரம் பிடித்து மழுக்கினார். சேலத்தில் நடந்த முன்னோட்டப் போட்டியில் எடை மேடையில் ஏற்றினோம். அனுமதித்த எடைக்குமேல் இரண்டு கிலோ.

"மேடம், நீங்க அன்னிக்கே சொன்னீங்க!" என்று ஒரு மாணவி வாய்விட்டு அழுதாள்.

"சொன்னது கெடக்கட்டும் சாமி. டிரில்லை எடு. எங்கெங்க ஓட்டை போட்டா எடை கொறையும்னு பாரு."

தரையில் மண்டியிட்டு, நான்கு தகடுகளிலும் சல்லடைபோல் துளையிட்டு முடித்தார். அப்போது ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். ஒரு பார்வை போதும், எனக்கு உறைத்திருக்கும். அந்தத் தண்டனையைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. இதை எழுதும்போது அவர்மீதும் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

ஆயுத பூசையன்று தாளாளர் பட்டறைக்கூடத்துக்கு வந்தார். ரிக் லாரிகளை ஓட விட்டுச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். ரோபோவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

அம்மணி முன்னால் வந்தார். "பழம் வேண்டாங்க. தோலு பல்லுக்குள்ள போயிரும்."

"அட, என்ன அம்மணி நீங்க! முப்பது டன் வண்டியே பழத்து மேல ஏறித்தான் வெளிய போகுது. இந்தப் பொம்மைக்கு என்ன ஆயிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மணி பின்னால் நகர்ந்து நின்றார்.

லாரிச் சக்கரம் நேராக உருண்டு பழத்தை நசுக்கிவிட்டுப் போகும். ஸ்வெர்வ் சக்கரம் அப்படிப் போகாது. மின்சாரம் கொடுத்ததும், நான்கு சக்கரங்களும் நேர்கோட்டைத் தேடி முதலில் நின்ற இடத்திலேயே சுழலும். அவர் சொன்னதன் பொருள் எனக்கு அந்தக் கணமே விளங்கியது. துறைத் தலைவன் நான்; தாளாளருக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். அம்மணி சொல்லாத அந்த இரண்டாம் தடவையை நான் சொல்லியிருக்கலாம். பூசை நேரத்தில் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் சக்கரங்கள் பழங்களை அரைத்தன. மூன்றாம் மூலையில் தோல் பற்களுக்கிடையே ஏறிச் சிக்கியது. மூன்று சக்கரம் நேராகவும் ஒன்று குறுக்காகவும் நிற்க, ரோபோ ஒரு வட்டம் அடித்து, தாளாளரின் வெள்ளை வேட்டியில் சாறும் குங்குமமும் அப்பிவிட்டு நின்றது. யாரோ, "அபசகுனம்" என்று முணுமுணுத்தார்கள்.

"யாரு இதைச் செஞ்சது?" என்றார் தாளாளர்.

"நாந்தானுங்க."

"கொஞ்சம் பாத்துச் செய்யக்கூடாதா?"

"செரிங்க."

அன்று மாலை அம்மணி மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்து பல்சக்கரங்களிலிருந்து எலுமிச்சை விதைகளை எடுத்துக்கொண்டிருந்தார். எஃகில் ஏற்கெனவே புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருந்தது. நான் கேட்டேன்: "அங்கேயே தடுத்திருக்கலாமே, அம்மணி?"

"சொன்னனுங்களே சார்."

"அவர் கேட்கவில்லை. மறுபடி சொல்லியிருக்க வேண்டும்."

பிரஷை வைத்துவிட்டுச் சிரித்தார். "டிப்ளமோ முடிச்ச புதுசுல ரிக் கட்டற பட்டறையில டிராயிங் பாத்துட்டிருந்தனுங்க. மாஸ்ட்டுன்னு ரிக்குல நிமிந்து நிக்கற கம்பம், அதுக்குப் பின்னு சொருகற ஓட்டை ஒரு பக்கமாத் தள்ளியிருந்துச்சு. காலைல சொன்னேன். மத்தியானம் சொன்னேன். சாயங்காலமும் போய்ச் சொன்னேன். 'ரேடியோ பாட ஆரம்பிச்சிருச்சுடா'ன்னாரு ஒருத்தரு. அப்பறம் நான் வாயத் தொறந்தாலே, 'சவுண்டைக் கொறை, சவுண்டைக் கொறை'ம்பாங்க. ரெண்டு வருசம் அங்க எனக்கு ரேடியோங்கறதுதான் பேரு."

"அந்த ஓட்டை என்னவாயிற்று?"

"தள்ளித்தான் இருந்துச்சுங்க. கழட்டி மறுக்கா அடிச்சாங்க. பேரை மட்டும் யாரும் கழட்டல." மீண்டும் பிரஷை எடுத்துக்கொண்டார். "மொதத் தடவை சொல்றது வேலைங்க சார். ரெண்டாந் தடவை சொன்னா கெஞ்சற மாதிரி ஆயிருது."

அந்த வாக்கியத்தை நான் ரசித்தேன். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். இரண்டொரு விருந்துகளில், தன்மானத்துக்கு எடுத்துக்காட்டாக நண்பர்களிடம் சொல்லியுமிருக்கிறேன். இனி இவர் எதைச் சொன்னாலும் முதல் தடவையே காது கொடுக்க வேண்டும் என்ற எளிய முடிவுக்கு மட்டும் நான் வரவில்லை. இத்தனை படித்தவனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

பட்டறைக்கூடம் கீழ்த்தளம், என் அறை மாடி. பெரிய போட்டிக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது ஒரு முற்பகலில் அவர் மேலேறி வந்தார். நான் பயணப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"சார், ஒரு வாரமாப் படியேறுனா மூச்சு வாங்குதுங்க. எடது தோள்ல இழுத்துப் புடிக்குது. நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும், ஈரோட்டுல காட்டிட்டு வாரேன்."

நான் கேட்டது இது: "மூன்றாம் கூட்டின் சென்சார் சரியாகிவிட்டதா?"

"இன்னைக்கு முடிஞ்சுருமுங்க."

"போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள்தான், அம்மணி. முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்க் காட்டுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் தடுமாறிப் போவார்கள்."

அவர் காத்திருந்தார். நான் தலை நிமிரவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். வாசலிலிருந்து மேசைமேல் விழுந்த அவருடைய நிழல் அங்கேயே இருந்தது. இன்னும் இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டேன்.

"செரிங்க சார்" என்றார். நிழல் நகர்ந்தது.

அதன்பின் அவர் லீவு கேட்கவில்லை. மூச்சைப் பற்றியும் பேசவில்லை. கூடுகளை மாணவர்களையே தூக்கி வைக்கச் சொன்னார். பொறுப்பைப் பழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போட்டிக்களத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தே இருந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ரோபோ கம்பியின் அடியில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு போய் மறுபுறம் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. வேறு கல்லூரிக்காரர்கள் வந்து, கவிழ்த்துத் தொங்கவிட்ட மோட்டார்களைக் குனிந்து படமெடுத்தார்கள். "யாருடைய டிசைன்?" என்று கேட்டவர்களுக்கு, "எங்கள் துறையுடையது" என்று பதில் சொன்னேன். மூன்றாம் பரிசு கிடைத்தது.

திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை, பள்ளிபாளையத்தில் கல்லூரிப் பேருந்துக்காக நின்ற இடத்திலேயே சரிந்தார். பேருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவருடைய கணவர் வடக்கிலிருந்து மறுநாள் மாலைதான் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். தலையிலும் புருவத்திலும் பாறைத்தூள் அப்படியே இருந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், நல்லாத்தான் இருந்தாளுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. திடீர்னு எப்படிங்க? உங்ககிட்டயாச்சும் எதாச்சும் சொன்னாளுங்களா?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மாணவர்கள் இருந்தார்கள். தாளாளர் பக்கத்தில் நின்றார்.

"இல்லைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கு நன்றி சொல்வதுபோல் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த இரங்கல் கூட்டம். குறையே சொல்லாதவர் என்று தாளாளர் சொன்னதும், பின்வரிசையில் மாணவர்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் திரும்பிக் கண்டேன். அவர்களுக்கு எட்டு மில்லிமீட்டர் தெரியும், எலுமிச்சம்பழம் தெரியும். மற்றது எனக்கு மட்டுமே தெரியும். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து மௌனம் காத்தபோது நானும் காத்தேன். எனக்கு அது புதிய பழக்கமில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பள்ளிபாளையம் போனேன். முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். அறிவித்திருந்தால் போகாமலிருக்க ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். பக்கத்து வீடுகளில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் பனியனோடு வெளியே வந்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். வண்டிக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க. நானும் போகல."

நான் உட்காரவில்லை. "அன்று உங்களிடம் பொய் சொன்னேன்" என்றேன். "என்னிடம் சொன்னார்."

அவர் புரியாதவர்போல் பார்த்தார். தறிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் ஓரடி நெருங்கிப் போனேன்.

"என்னன்னு சொன்னா?"

"ஒரு வாரமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். இடது தோளில் இழுத்துப் பிடிக்கிறது என்றார். ஈரோட்டில் காட்ட ஒரு நாள் விடுப்புக் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போட்டி முடியட்டும் என்றேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவரே அதில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் எண்ணினேன்.

"தெனமும் போன்ல பேசுவனுங்க" என்றார். "'நல்லாத்தான் இருக்கறேன், நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க'ம்பா. அவ்வளவுதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ தங்கச்சிகிட்டச் சொல்லல. பக்கத்து ஊட்ல சொல்லல. எல்லார்த்தையுங் கேட்டுட்டேன்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க சார்" என்றார். "உங்க பேச்சுல வேண்டாம்."

முயன்றேன். "சார், ஒரு வாரமாப் படியேறுனா மூச்சு வாங்குதுங்க" என்று தொடங்கி, "ஈரோட்டுல காட்டிட்டு வாரேன்" என்பதுவரை, அவருடைய சொற்களை அதே வரிசையில் சொன்னேன். எனக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை.

அவர் தலை நிமிரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.